மாநில எல்லையைத் தாண்டிப் படிக்கச் செல்லும் மாணவர்களுக்குப் பேருந்துக் கட்டணச் சலுகை: யார் தருவது, எதுவரை தருவது?

வளவனூர் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்கும், புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டுக்கும் நாள்தோறும் பேருந்தில் சென்று படிக்கும் மாணவர்களின் கட்டணச் சலுகை குறித்து இரண்டு அரசுகளுக்கும் ஒரு கோரிக்கை மனு அனுப்ப எங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் முடிவு செய்திருக்கிறார்கள். மனுவை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதை விவரம் அறிந்தவர்களிடம் தெரிந்துகொண்ட பிறகே எழுத வேண்டும் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காக எங்கள் பகுதியின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வரும் சாலையில் வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைக் கடந்தால் திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடியும் புதுச்சேரி. பிறகு வளவனூர் முதல் விழுப்புரம் வரை தமிழ்நாடு. 40 கிலோமீட்டருக்குள் எல்லை மூன்று முறை வந்து போகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் துண்டு துண்டாகக் கைமாறிய ஊர்கள், 1954 நவம்பரில் இந்திய ஆட்சிக்குள் வந்தபோதும் அதே துண்டுகளாகவே வந்தன. ஆகவே அருகிலுள்ள நல்ல பள்ளியோ கல்லூரியோ அடுத்த ஆட்சிப் பகுதியில் இருப்பது எங்களுக்கு வழக்கமான ஒன்று. காரைக்காலைச் சுற்றியுள்ள நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தவருக்கும் இதே நிலைதான்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும், அரசுக் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை வழங்கப்படுகிறது. புதுச்சேரி அரசும் தன் மாணவர்களுக்கென்று, ஒரு காலத்தில் ஒரு ரூபாய்க் கட்டணத்தில், சிறப்புப் பேருந்துகளை இயக்கியது. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் வீடு ஓர் அரசின் கீழும் பள்ளி மற்றோர் அரசின் கீழும் அமைந்துவிட்ட மாணவருக்கு இரண்டிலும் இடம் இல்லை. பயண அட்டைக்கான பெயர்ப் பட்டியல் பள்ளியின் வழியாகவே செல்வதால், புதுச்சேரிப் பள்ளியில் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளையின் பெயர் அதில் ஏறுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அக்காளுக்கு அட்டை இருக்கிறது, தம்பிக்கு இல்லை. இருவரும் ஒரே நிறுத்தத்தில் ஒரே பேருந்தில் ஏறுகிறார்கள். தம்பிக்காக அவர்களுடைய தந்தை கொடுத்த விண்ணப்பம், பள்ளி வேறு மாநிலத்தில் இருக்கிறது என்ற ஒரு வரிக் குறிப்புடன் திரும்பி வந்தது.

முன்பு புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றியதால் பிள்ளைகள் இரு பக்கமும் எளிதாக மாறிக்கொண்டிருந்தார்கள். 2023–24 முதல் அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியதால், நடுவில் பள்ளி மாற்றுவது கடினமாகிவிட்டது. அட்டை கிடைக்கவில்லை என்றால் பள்ளியை மாற்றிக்கொள்ளலாமே என்று சொல்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சலுகையை எந்த அரசிடம் கேட்பது முறை? படிக்கும் இடத்து அரசிடமா, வீடு இருக்கும் இடத்து அரசிடமா?

பழைய கணக்கர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கணக்குப் பிரிவில் நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இலவசம் என்று நாம் சொல்லும் அட்டைக்கும் ஒருவர் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதில் தொடங்கினால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

மாணவர் பயண அட்டையால் கழகத்துக்கு வராமல் போகும் கட்டணத்தை அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஈடு செய்கிறது. அதற்கு அரசின் கல்வித் துறைகள் அங்கீகரித்த பட்டியல் தேவை. ஒரு பிள்ளைக்கு அட்டை தர நடத்துநரோ கிளை மேலாளரோ மறுப்பது மனமில்லாமையால் நடப்பதாக மக்கள் எண்ணுகிறார்கள். உண்மையில், பட்டியலில் இல்லாத பெயருக்கு அட்டை கொடுத்தால் அந்தத் தொகையை யாரிடம் கேட்பது என்று தணிக்கையில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் கிளை அலுவலர்தான் நிற்க வேண்டியிருக்கும். எனவே கிளையில் முறையிட்டுப் பயன் இல்லை. பட்டியலுக்குள் வேற்று மாநிலப் பள்ளிகளைச் சேர்க்கும் அரசாணை ஒன்று வேண்டும். மனு அதைத்தான் கேட்க வேண்டும்.

வரி செலுத்துபவன்:

ஒரு மாற்றுக் கருத்தையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். மாணவர்களுக்குச் சலுகை கூடாது என்பவன் நான் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தன் வரிப் பணத்தில் தன் கல்வி நிறுவனங்களில் படிக்கும் மாணவர்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. போக்குவரத்துக் கழகங்கள் ஏற்கெனவே பெரும் இழப்பில் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் கடைசியாக 2018 சனவரியில்தான் உயர்த்தப்பட்டது. டீசல் விலையும் சம்பளமும் அன்றைய அளவில் நிற்கவில்லை. இந்த நிலையில், மற்றொரு மாநிலத்துக் கல்லூரியில், அதுவும் சில நேரம் கட்டணம் மிகுந்த தனியார் கல்லூரியில், தாமே விரும்பிச் சேர்ந்த ஒருவரின் பயணச் செலவை ஏன் இங்குள்ள ஏழைக் கூலித் தொழிலாளியின் வரி சுமக்க வேண்டும்? இதற்குப் பதில் இல்லாமல் மனு போனால், அதைப் படிக்கும் நிதித்துறை அலுவலர் முதலில் இதைத்தான் கேட்பார்.

சித்தூர் விரிவுரையாளர்:

நண்பர் வரி செலுத்துபவன் எழுப்பியது நேர்மையான கேள்வி. நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தவன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. தமிழ் வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்த பிள்ளை மேற்படிப்புக்குப் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போவதை வெறும் விருப்பம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. மொழி அங்கே அழைத்துச் செல்கிறது. பேருந்து மட்டும் அவரை வெளியூர்க்காரராக நடத்துகிறது.

எங்கள் பக்கத்துக் கட்டணக் கணக்கைச் சொல்கிறேன். கேரளத்தில் 2022 மே முதல் சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். முதல் இரண்டரைக் கிலோமீட்டருக்கு அது. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். தமிழ்நாட்டில் சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு. ஆக, 20 கிலோமீட்டர் தூரம் அங்கே ஏறத்தாழ 12 ரூபாய், இங்கே ஏறத்தாழ 28 ரூபாய். கேரளத்துக்குள் படிக்கும் மாணவர் இந்த 28 ரூபாயைக் கொடுப்பதில்லை. அவருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒரு ரூபாய்தான். 40 கிலோமீட்டர் வரை கன்செஷன் உண்டு. எல்லை தாண்டிப் படிப்பவரிடம் கேரளத்துக் கல்வி நிறுவனத்தின் அட்டை இல்லாததால் அவர் முழுத் தொகையையும் கொடுக்கிறார். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் பள்ளித் தோழன் சில்லறையில் பயணம் செய்யும்போது இவர் கொடுப்பது நாளொன்றுக்கு ஐம்பது ரூபாயைத் தாண்டுகிறது. கூலி வேலை செய்யும் வீட்டில் இந்தத் தொகைதான் பெண் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. வகுப்பில் நான் இழந்த மாணவியர் சிலர் இந்தக் காரணத்தாலேயே நின்றார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பழைய கணக்கர் ஐயா சொன்ன ஈட்டுத்தொகை பற்றியும் ஒன்று சேர்க்க வேண்டும். கேரளத்தில் மாணவர்களைப் பெருமளவில் ஏற்றிச் செல்பவை தனியார் பேருந்துகள். அவற்றுக்கு அரசு ஈடு எதுவும் கொடுப்பதில்லை. மாணவர் சலுகையின் சுமை முழுவதும் பேருந்து உரிமையாளர் மீது விழுவதால்தான், நிறுத்தத்தில் மாணவர்களைக் கண்டால் நிறுத்தாமல் போவதும், மற்றப் பயணிகள் ஏறி முடிக்கும்வரை படிக்கட்டருகே காக்க வைப்பதும் நடக்கின்றன. நீதிபதி ராமச்சந்திரன் நாயர் குழு மாணவர் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயாக உயர்த்தப் பரிந்துரைத்தது. 2022 கட்டண உயர்வில் அரசு அதை ஏற்கவில்லை. மாணவர் பக்கம் நின்றது சரியே. ஆனால் அந்தப் பணத்தை யார் தருவது என்பதை முடிவு செய்யாமல் விட்டதால், சலுகை காகிதத்திலும் சண்டை படிக்கட்டிலும் இருக்கின்றன. நீங்கள் எழுதும் மனு இந்தத் தவறைத் திரும்பச் செய்துவிடக் கூடாது.

வாளையாறு சீசன் பயணி:

எல்லாரும் பேருந்தைப் பற்றியே பேசுவதால் ரயிலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் தேடும் ஏற்பாடு அங்கே நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே மெமு ரயிலில் போய் வரும் மாணவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். மாணவர் சீசன் டிக்கெட்டுக்குக் கல்வி நிறுவனத் தலைவர் கையொப்பமிட்ட படிவம் ஒன்று வேண்டும். அதில் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையம், கல்லூரிக்கு அருகிலுள்ள நிலையம் ஆகிய இரண்டையும் எழுதினால் போதும். இடையில் எத்தனை மாநிலங்கள் வருகின்றன என்ற கேள்வியே அந்தப் படிவத்தில் இல்லை. மாணவருக்குச் சாதாரண சீசன் கட்டணத்தில் பாதி. பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரையிலும் ஆண் பிள்ளைகளுக்கு 12ஆம் வகுப்பு வரையிலும் இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் இலவசம். லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது 2008–09 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த விரிவாக்கம் இது. 2020 மார்ச்சில் பல சலுகைகளை ரயில்வே நிறுத்தியபோதும் மாணவர் சலுகை தொடர்ந்தது.

நாகர்கோவில்–திருவனந்தபுரம், செங்கோட்டை–புனலூர், ஒசூர்–பெங்களூரு என்று எந்த எல்லைத் தடத்திலும் இதே விதிதான். ஆசிரியை அவர்களின் விழுப்புரம்–புதுச்சேரித் தடமும் இதில் சேரும். 1879 முதல் இருக்கும் பாதை அது. மாநில எல்லை மாணவர் சலுகைக்குத் தடையாக இருக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய கணக்கர்:

சான்று சரியானதே. ஆனால் அதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். ரயில்வே ஒரே கருவூலம். கோயம்புத்தூரில் குறையும் வருவாயும் பாலக்காட்டில் குறையும் வருவாயும் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன. பேருந்துக்குக் கருவூலங்கள் இரண்டு. நம் சிக்கல் முழுவதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

வளவனூர் ஆசிரியை:

சீசன் டிக்கெட் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்கள் பெற்றோர் பலருக்கு அது தெரியாது. அடுத்த கூட்டத்தில் படிவத்தை எடுத்துச் சென்று விளக்குவேன். ஆயினும் எங்கள் தடத்தில் ரயில்கள் குறைவு, பள்ளி நேரத்துக்குப் பொருந்துபவை அதைவிடக் குறைவு. வளவனூருக்கும் சின்னபாபுசமுத்திரத்துக்கும் அருகில் இருப்பவர்களுக்கு ஓரளவு பயன்படும். நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பேருந்தை விட்டால் வேறு வழி இல்லை.

ஒசூர் மாணவி:

நான் ஒசூரில் வசித்து பெங்களூரில் படிப்பவள். மேலே அண்ணன்களும் ஆசிரியர்களும் எழுதியவற்றுடன் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். கர்நாடகத்தில் 2023 சூன் 11 முதல் சக்தித் திட்டத்தின் கீழ்ப் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அது கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கான திட்டம். அடையாள ஆவணத்தில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். என் வகுப்புத் தோழியர் அனைவரும் இலவசமாக வரும் பேருந்தில், தமிழ்நாட்டு முகவரி உள்ள நான் சீட்டு வாங்குகிறேன். தமிழ்நாட்டிலோ 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் ஏறும் எந்தப் பெண்ணிடமும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் உள்ள அத்திப்பள்ளியிலிருந்து ஒசூருக்கு வந்து நகரப் பேருந்தில் ஏறும் மாணவிக்கும் கட்டணமில்லாச் சீட்டே தரப்படுகிறது.

எனக்குக் கர்நாடக அரசின் மீது குறை சொல்லும் எண்ணம் இல்லை. தன் மக்களுக்காக அது செய்த நல்ல திட்டம்தான். நான் சுட்ட விரும்புவது, வசிப்பிடத்தைக் கேட்கும் விதியும் படிப்பிடத்தைக் கேட்கும் விதியும் எல்லைப்புற மாணவரை வெவ்வேறு வகையில் வெளியே நிறுத்துகின்றன என்பதையே. ஏறியவர் மாணவரா என்று மட்டும் கேட்கும் விதி இருந்தால் எங்களுக்குப் போதும்.

டிரியரில் ஒரு தமிழன்:

சகோதரி கேட்பது நடக்கக்கூடியதே என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நான் ஜெர்மனியின் டிரியர் நகரில் தங்கி லக்சம்பர்க்கில் படிக்கிறேன். லக்சம்பர்க்கில் வீட்டு வாடகை கட்டுப்படியாகாததால் எல்லைக்கு இப்பால் தங்கி அங்கே படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் ஏராளம். 2020 பிப்ரவரி 29 முதல் அந்நாட்டில் ரயிலின் இரண்டாம் வகுப்பு, டிராம், பேருந்து எல்லாம் இலவசம்; குடிமகனா, வெளிநாட்டவரா, எங்கே வசிப்பவர் என்ற கேள்வி கிடையாது. ஆகையால் எல்லை நிலையமான வாசர்பில்லிக் வரையிலான ஜெர்மன் பகுதிக்கு மட்டும் எங்களிடம் பயணச் சீட்டு இருந்தால் போதும். அந்தப் பகுதிக்கு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான ஜெர்மனி மாதச் சீட்டு செல்லும். விலை அதன் பிறகு ஏறியிருக்கிறது. இரண்டு நாடுகளும் மாணவருக்காகத் தனிக் கணக்கு எதையும் தீர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரவர் தண்டவாளத்தில் ஓடும் தூரத்துக்கு அவரவர் விதி. லக்சம்பர்க்கின் செல்வ வளம் நம் மாநிலங்களுக்கு இல்லை என்பதை அறிவேன். கணக்கைப் பிரிக்கும் முறையை மட்டும் பாருங்கள்.

குழித்துறை வழக்கறிஞர்:

இழை நல்ல திசையில் செல்வதால் சட்ட நிலையை எழுதுகிறேன். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் என்ற நிலையில் வாழ்பவன் நான். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மக்களின் விருப்பத்தால் நடந்த இணைப்பு அது. அதற்காகப் போராடி உயிர் துறந்தவர்களும் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படிப்புக்குத் திருவனந்தபுரம் செல்வது அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் நமக்கு வேண்டிய பிரிவுகள் இரண்டு. 67ஆம் பிரிவு, பயணிகள் பேருந்துக் கட்டணத்தை நிர்ணயிப்பது குறித்துப் போக்குவரத்து அதிகார அமைப்புகளுக்கு வழிகாட்டும் உரிமையை மாநில அரசுக்குத் தருகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் கட்டணமும் சலுகையும் வேறுபடுவதற்கு வேர் இதில்தான். 88ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் பெற்ற வழித்தட அனுமதி மற்றொரு மாநிலத்தில் செல்லுபடியாவதைப் பற்றியது. எந்தெந்தத் தடத்தில் யார் எத்தனை பேருந்து இயக்குவது என்று இரு மாநிலங்கள் செய்துகொள்ளும் பரிமாற்ற ஒப்பந்தங்கள் இதன் கீழ் வருகின்றன. அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கான முன்மொழிவை இரு அரசுகளும் அரசிதழிலும் நாளிதழிலும் வெளியிட்டு, மக்கள் தம் கருத்துகளைத் தெரிவிக்கக் காலக்கெடு அறிவிக்க வேண்டும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குக் குறையாமல் கழித்தே அதைப் பரிசீலனைக்கு எடுக்க முடியும். இறுதி ஒப்பந்தமும் அரசிதழில் வர வேண்டும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெற்றோர் மனுக்கள் பெரும்பாலும் அமைச்சருக்கும் ஆட்சியருக்கும் செல்கின்றன; அவர்கள் கனிவுடன் பெற்றுக்கொண்டாலும், மற்றொரு மாநிலத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இரண்டு மாநிலங்களும் சட்டப்படி ஒரே காகிதத்தில் கையொப்பமிடும் இடம் பரிமாற்ற ஒப்பந்தம்தான். ஒப்பந்தம் புதிதாகச் செய்யப்படும்போதோ திருத்தப்படும்போதோ, ஒரு மாநிலம் வழங்கிய மாணவர் பயண அட்டையை அந்தத் தடத்தின் இறுதி நிறுத்தம் வரை இரு கழகங்களின் சாதாரணப் பேருந்துகளும் ஏற்க வேண்டும் என்ற உடன்பாட்டையும் இரு அரசுகளும் செய்துகொள்ளலாம். அதைத் தடுக்கும் பிரிவு எதுவும் சட்டத்தில் இல்லை. அதற்கு இணையாக இரு அரசுகளும் 67ஆம் பிரிவின் கீழ்த் தத்தம் உத்தரவுகளை வெளியிட்டால் போதும்.

பழைய கணக்கர்:

வழக்கறிஞர் ஐயா பரிமாற்ற ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டதும் எனக்கு ஒரு வழி புலப்படுகிறது. இத்தகைய ஒப்பந்தங்களில் இரு மாநிலப் பேருந்துகளும் மற்றவர் எல்லைக்குள் ஓடும் கிலோமீட்டர் கூடியவரை சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். ஓடும் தூரம் ஏறத்தாழ சமம் என்றால், மாணவர் அட்டையால் குறையும் வருவாயும் பெரும்பாலும் இரு பக்கமும் நெருங்கியே இருக்கும். அப்படியானால் இவருக்கு அவர் இவ்வளவு தர வேண்டும் என்று ஆண்டுதோறும் கணக்குத் தீர்க்கும் வேலையே வேண்டாம். தமிழ்நாட்டுப் பேருந்தில் ஏறிய மாணவரின் கட்டணத்தைத் தமிழ்நாட்டு அரசும், புதுச்சேரி அல்லது கேரளப் பேருந்தில் ஏறியவருடையதை அந்தந்த அரசும் ஏற்றுக்கொள்ளலாம். மாநிலங்களுக்கிடையே தொகை நிலுவையாக நிற்கும் எந்த ஏற்பாடும் சில ஆண்டுகளில் முடங்கிவிடுவதைப் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த எளிய முறையை வலியுறுத்துகிறேன்.

ஆசிரியையின் முதல் கேள்விக்கும் இதுவே என் விடை. வீட்டு மாநிலமா, பள்ளி மாநிலமா என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். பேருந்து யாருடையதோ அவர் ஏற்கட்டும். பள்ளியும் வீடும் பெயரைச் சான்றளிக்க மட்டும் பயன்படட்டும்.

வரி செலுத்துபவன்:

இந்த முறையை ஏற்க எனக்குத் தயக்கம் குறைகிறது. பேருந்து எப்படியும் ஓடுகிறது. இருக்கைகள் எப்படியும் இருக்கின்றன. எனினும் இரண்டு வரம்புகளை வலியுறுத்துவேன். முதலாவது தூரம். எல்லைப்புற மாணவர் என்ற பெயரில் திருச்சியிலிருந்து வாரந்தோறும் புதுச்சேரி சென்று வருபவர் இதில் நுழையக் கூடாது. கேரளத்தில் இருப்பதுபோல் 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தனியார் கல்லூரி மாணவருக்கு முழு இலவசம் வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் படிக்கும் தனியார் கல்லூரி மாணவருக்கு என்ன அளவோ அதே அளவு போதும். எல்லை தாண்டியவர் என்பதற்காகக் குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம்.

சித்தூர் விரிவுரையாளர்:

இரண்டையும் ஏற்கிறேன். தங்கள் முதல் கேள்விக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் புதுச்சேரி அரசுப் பள்ளியில் படித்தால், அவருடைய ஆசிரியர் சம்பளம், பாடநூல், மதிய உணவு அனைத்தையும் புதுச்சேரி ஏற்கிறது. தமிழ்நாட்டுக்கு அந்தச் செலவு மிச்சம். கேரளத்திலிருந்து கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிக்கு வருபவர் விஷயத்தில் மிச்சம் கேரளத்துக்கு. ஒரு பிள்ளையின் கல்விச் செலவு முழுவதையும் அடுத்த மாநிலம் ஏற்றுக்கொண்டிருக்கும்போது, அவரை வாயில்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டணத்தை மறுப்பது எந்தக் கணக்கிலும் பொருந்தவில்லை.

தனியார் பேருந்துகளை மட்டும் இந்த மனுவிலிருந்து விலக்கி வைக்கலாம். அவற்றுக்கு ஈட்டுத்தொகை பற்றிய முடிவு கேரளத்துக்குள்ளேயே இன்னும் வரவில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இரண்டும் தள்ளிப்போகும்.

ஒசூர் மாணவி:

ஒரு வேண்டுகோள். மாணவர் என்று எழுதும்போது ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், செவிலியர் பயிற்சி படிப்பவர்களையும் பெயர் சொல்லிச் சேருங்கள். எல்லை தாண்டிச் செல்பவர்களில் தொழிற்பயிற்சி படிப்பவர்கள் ஏராளம். பள்ளி, கல்லூரி என்று மட்டும் எழுதினால் அவர்களை விட்டுவிடுவார்கள்.

வளவனூர் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. மனுவின் முதல் வரைவை இவ்வாறு அமைக்கிறேன், குறை இருந்தால் திருத்துங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி அரசுகளின் போக்குவரத்துத் துறைகளுக்கு ஒரே வாசகத்தில் மனு செல்லும். பள்ளி, கல்லூரி, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், செவிலியர் பயிற்சி மாணவர் எவரும், வீட்டுக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இடையே 40 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரமாயின், இரு மாநில அரசுப் பேருந்துகளில் சாதாரணப் பேருந்து எதிலும் ஒரே அட்டையைக் காட்டிப் பயணம் செய்ய அனுமதி வேண்டும். நிறுவனத் தலைவர் படிப்பைச் சான்றளிப்பார். ரயில்வே படிவத்தில் உள்ளதுபோல் ஏறும் நிறுத்தமும் இறங்கும் நிறுத்தமும் மட்டும் எழுதப்படும். சலுகையின் அளவு, அந்தந்த அரசு தன் எல்லைக்குள் அதே வகை நிறுவனத்து மாணவருக்குத் தரும் அளவே. செலவைப் பேருந்தை இயக்கும் அரசு ஏற்கும். அடுத்த பரிமாற்ற ஒப்பந்தத் திருத்தத்தில் இதைச் சேர்க்க வேண்டும்.

குழித்துறை வழக்கறிஞர்:

வாசகம் நன்றாக இருக்கிறது. "சாதாரணப் பேருந்து" என்ற இடத்தில் நகரப் பேருந்து, புறநகர்ப் பேருந்து என்று இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். நடைமுறையில் நகரப் பேருந்துக்கு மட்டும் பொருள் கொண்டுவிட்டால் உங்கள் தடத்தில் ஓடும் பெரும்பாலானவை விடுபட்டுப் போகும். ஒப்பந்த முன்மொழிவு அரசிதழில் வரும்போது அதே மனுவைக் காலக்கெடுவுக்குள் மறுபடியும் கொடுக்கவும் மறவாதீர்கள். முன்பே கொடுத்த மனு அந்தப் பரிசீலனையில் தானாகச் சேர்ந்துவிடாது.

பழைய கணக்கர்:

ஒப்பந்தத் திருத்தத்துக்கு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது என்பதால் இடைக்கால ஏற்பாடு ஒன்றையும் மனுவின் இரண்டாம் பகுதியாகக் கேளுங்கள். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும், புதிய அட்டை கைக்கு வரும்வரை சீருடையோ பழைய அட்டையோ இருந்தால் மாணவரை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை நடத்துநர்களுக்கு அறிவுறுத்துகிறது. அதே போன்ற ஓர் அறிவுறுத்தல், விழுப்புரம்–புதுச்சேரித் தடத்தில் ஓடும் தமிழ்நாட்டுப் பேருந்துகளுக்கு மட்டும், புதுச்சேரிப் பள்ளிச் சீருடையையும் அடையாள அட்டையையும் ஏற்கும்படி வந்தால் இந்தத் தடத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடனடியாக வழி பிறக்கும். அதற்குப் புதுச்சேரி அரசின் கையொப்பம் தேவையில்லை. மனுவுடன் எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் ஏறி எங்கே இறங்குகிறது, எந்த நேரப் பேருந்தில் செல்கிறது என்ற பட்டியலைப் பள்ளி வாரியாக இணைத்து அனுப்புங்கள். எத்தனை பேர், எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிட்டால் ஆகும் செலவை அவர்கள் ஒரே பக்கத்தில் கணக்கிட்டுவிடலாம். பட்டியலை எப்படி அமைப்பது என்பதில் உதவி வேண்டுமானால் இங்கேயே எழுதுங்கள், படிவம் ஒன்று தயாரித்துத் தருகிறேன்.

வளவனூர் ஆசிரியை:

படிவம் நிச்சயம் வேண்டும், ஐயா. வரும் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அதற்குள் கிடைத்தால் கண்டமங்கலம், மதகடிப்பட்டு, வளவனூர் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் விவரம் எடுக்கத் தொடங்கிவிடுவோம்.